காரைக்குடி வெயிலுக்கு ஈஸ்ட்டா, புளிமாவா?

வீட்டிலேயே பிரட் சுட நினைக்கிறவர்கள் முதலில் விசாரிப்பது ஓவனைப் பற்றித்தான். 200 டிகிரிக்குச் சூடேறும் ஓ.டி.ஜி. என்ற சாதாரண மின் ஓவன் போதும், அதில் யோசிக்க அதிகமில்லை. மாவை எதைக்கொண்டு உப்பவைப்பது என்பதில்தான் வழி பிரிகிறது. ஒரு பக்கம் கடையில் வாங்கும் இன்ஸ்டன்ட் ஈஸ்ட். மறுபக்கம் மாவும் தண்ணீரும் கலந்து நாமே வளர்க்கும் புளிமாவு, அதாவது சவர்டோ ஸ்டார்ட்டர். இரண்டிலும் சுட்டுப் பார்த்துவிட்டு நான் ஈஸ்ட் பக்கம் வந்துவிட்டேன்.

சுவையில் புளிமாவுக்குத்தான் வெற்றி. லாக்டிக் அமில பாக்டீரியாக்களும் சேர்ந்து வேலை செய்வதால் இதமான புளிப்பு வருகிறது. பூஞ்சையும் சீக்கிரம் பிடிப்பதில்லை. நாட்டுக்கோழிக் குழம்பில் தோய்த்துச் சாப்பிட அந்த ரொட்டிதான் சரி. எங்கள் வீட்டுப் பிள்ளைகள் தொடுவதில்லை என்பது வேறு கதை.

என்னைத் திருப்பியது பராமரிப்பு. புளிமாவுக் குறிப்புகள் பெரும்பாலும் குளிர்ந்த ஊர்ச் சமையலறைகளுக்கு எழுதப்பட்டவை. நம் சித்திரை, வைகாசி வெயிலில் காலையில் ஊட்டிய, அதாவது புது மாவும் தண்ணீரும் சேர்த்த புளிமாவு மதியத்துக்குள் பொங்கி, அமுங்கி, நீர் பிரிந்து நிற்கும். அமிலம் ஏறிய அந்த மாவைச் சேர்த்துப் பிசைந்தால் மாவுக்கு இழுவை தரும் புரதமான குளுட்டன் இளகிப்போய், ரொட்டி மேலே எழும்பாமல் பக்கவாட்டில் பரவிவிடும். பழைய வீடுகளில் இரண்டாங்கட்டு ஆத்தங்குடித் தரையின் குளிர்ச்சி கொஞ்சம் கைகொடுக்கும். ஆனாலும் தினம் இரண்டு முறை ஊட்டாமல் முடியாது. ஒரு முறைக்கு 50 கிராம் மைதா என்றாலே மாதம் 3 கிலோ, அதுவும் ரொட்டி சுடாத நாட்களையும் சேர்த்து. மிஞ்சியதைத் தோசை மாவில் கலக்கலாம் என்பார்கள். தினமுமா?

பிரிட்ஜில் வைத்தால் வாரம் ஒரு முறை ஊட்டினால் போதும். ஆனால் சுடுவதற்கு முந்தின நாளே வெளியே எடுத்து, ஊட்டி, உசுப்ப வேண்டும். மாதாந்திரப் பராமரிப்பு மின்தடை அன்று கதவைத் திறக்காமல் இருந்தால் பிரிட்ஜின் குளிர்ச்சி ஓரளவு தாங்கும். யார் திறக்காமல் இருக்கிறார்கள்? கல்யாணம், அறுபதாம் கல்யாணம் என்று வெளியூர் போகும்போது அடுத்த வீட்டு ஆச்சியிடம் பூச்செடியை ஒப்படைக்கலாம், புளிமாவை ஒப்படைக்க எனக்கு வாய் வரவில்லை.

"இட்லி மாவைப் பார்த்துக்கொள்கிறோமே, இது என்ன பெரிய காரியம்?" என்று கேட்பவர்கள் உண்டு. இட்லி மாவு தீர்ந்ததும் கணக்கு முடிந்தது. அடுத்த முறை அரைக்கும்போது உளுந்திலும் அரிசியிலும் இருக்கும் நுண்ணுயிர்களே புதிதாகத் தொடங்கிவைக்கின்றன. புளிமாவில் அந்த ஓய்வு இல்லை.

ஈஸ்ட் ரொட்டியின் சுவை தட்டையானது என்ற குறையையும் பாதி சரிக்கட்டலாம். 500 கிராம் மைதா, 10 கிராம் உப்பு, 320 மில்லி மண்பானைத் தண்ணீர், ஈஸ்ட் கால் டீஸ்பூன் மட்டும். பத்து நிமிடம் பிசைந்து, சற்று உப்பத் தொடங்கியதும் மூடி, இரவு முழுவதும் பிரிட்ஜில் வைத்துவிட வேண்டும். மெதுவாக நொதிப்பதால் வாசனை கூடுகிறது. காலையில் உருட்டி, டின்னில் இட்டு, மறுபடி உப்பியதும் சுடலாம்; 35 நிமிடம் ஆகும். அவசரமென்றால் ஈஸ்ட்டை ஒரு டீஸ்பூனாகக் கூட்டி அன்றே முடிக்கலாம், வாசனை குறையும்.

முழுக் கோதுமை மாவில் புளிமாவு ரொட்டி நான் அதிகம் சுட்டதில்லை. அங்கே என் தீர்ப்பை அப்படியே எடுத்துக்கொள்ள வேண்டாம். பகல் முழுவதும் வீட்டில் இருந்து, வாரம் இரண்டு மூன்று ரொட்டி சுடுகிறவர்களுக்குப் புளிமாவு ஒத்துவரலாம். ஐப்பசி, கார்த்திகையில் தொடங்கினால் வெயிலோடு மல்லுக்கட்ட வேண்டியதில்லை.

ஈஸ்ட்டுக்கும் ஒரு பராமரிப்பு உண்டு. சிறிய பாக்கெட்டாக வாங்கி, பிரித்ததும் காற்றுப் புகாத டப்பாவில் போட்டுப் பிரிட்ஜில் வையுங்கள். சந்தேகம் வந்தால் சர்க்கரை கலந்த வெதுவெதுப்பான நீரில் ஒரு சிட்டிகை போட்டுப் பாருங்கள். பத்து நிமிடத்தில் நுரைக்காவிட்டால் புதுப் பாக்கெட் வாங்குவதுதான் வழி.