குவி ஆடி டென்சியோமீட்டர்: பல பருவங்கள் பயன்படுத்திய பின்

அமெரிக்க மேற்குப் பகுதியின் பாண்டரோசா பைன் காடுகளில் தீப்பரவலைக் கணிக்க விதானம் (மர உச்சிகளின் இலைக்கூரை) எவ்வளவு மூடியிருக்கிறது என்று அளப்போர் பலரும் முதலில் கையில் எடுப்பது இந்தக் குவி ஆடிக் கருவியைத்தான். சட்டைப்பையில் அடங்கும், பேட்டரி வேண்டாம்.

ஆடியில் 24 கட்டங்கள். கட்டத்துக்கு நான்கு புள்ளி என்று மனதில் வைத்துக்கொண்டால் 96. முழங்கை உயரத்தில் பிடித்து, மட்டக் குமிழியை நடுவில் நிறுத்தி, தலை கட்டங்களுக்குள் விழாமல் பார்த்துக்கொண்டு, இலை மறைத்த புள்ளிகளை எண்ணி 1.04-ஆல் பெருக்கினால் சதவீதம். நான்கு திசையும் திரும்பி எடுத்துச் சராசரி. அடர்ந்த இடத்தில் வெளிச்சப் புள்ளிகளை எண்ணி, அதே 1.04-ஆல் பெருக்கி 100-இல் கழிப்பதுதான் சீக்கிரம் முடியும். காலை ஈரத்தில் ஆடி மங்கும், துணி அவசியம்.

ஆனால் தீப்பரவலைக் கணிக்கும் மென்பொருள்களான ஃபார்சைட், ஃபிளாம்மேப் இரண்டுக்கும் இந்த எண்ணை அப்படியே கொடுக்கக் கூடாது. அவை கேட்பது நேர் மேலே மறைந்திருக்கும் பரப்பு. குவி ஆடியோ பக்கவாட்டு மரங்களையும் சேர்த்துக் காட்டும், மூடல் கூடுதலாக வரும். மூடல் கூடினால் மென்பொருள் தன் கணக்கில் காற்றைக் குறைக்கும், நிழலைக் கூட்டும். திரையில் தீ மெதுவாக நகரும். தவறு ஆபத்தான பக்கமே சாய்கிறது. நேர் மேல் பார்க்கும் குழாயால் 'உண்டு, இல்லை' என்று புள்ளி புள்ளியாகப் பதிவது அலுப்பான வேலைதான், ஆனாலும் அதுவே சரி. 50 புள்ளி போதாது: பாதி மூடிய காட்டில் திட்டப் பிழை மட்டும் 7 சதவீதப் புள்ளி வரும்.

உண்மையில் நேரத்தைச் செலவிட வேண்டியது விதான அடி உயரத்தில், அதாவது தரையிலிருந்து விதானம் தொடங்கும் உயரத்தில். பைனின் கீழ்க்கிளை 9 மீட்டரில், அதனடியில் டக்ளஸ் ஃபிர் கன்றின் கிளை 1 மீட்டரில் என்றால் சராசரி 5 மீட்டர். இலை ஈரம் 100 சதவீதம் என்று வைத்து, தரைத்தீ விதானத்துக்கு ஏறத் தேவையான வீரியத்தைத் தரும் வான் வாக்னரின் 1977 சமன்பாட்டில் போட்டால், தீ மேலேறத் தீமுனையின் ஒவ்வொரு மீட்டருக்கும் சுமார் 1,880 கிலோவாட் வேண்டும். அடி உயரம் 1 மீட்டர் என்றாலோ 168 போதும். கன்றைப் பிடித்து ஏறும் தீக்குச் சராசரி தெரியாது. அதனால் விதான அடர்த்தி (எரியக்கூடிய இலை, சிறுகிளைகளின் எடை) கன மீட்டருக்கு 0.011 கிலோவைத் தொடும் மிகத் தாழ்ந்த உயரத்தை எடுப்பார்கள்.

கடைசியில் அலகு. அமெரிக்க அரசின் எரிபொருள் வரைபடத் தொகுப்பான லேண்ட்ஃபயர் தரவில் விதான அடி உயரம் 10 மடங்காக, அடர்த்தி 100 மடங்காக இருக்கும். 15 என்றால் 1.5 மீட்டர். அலகை வெறும் மீட்டர் என்று விட்டுவிட்டால் அது 15 மீட்டராகி, எவ்வளவு காற்று கொடுத்தாலும் தீ தரையை விட்டு எழுவது அபூர்வம்.