சிங்கப்பூர் பேச்சாளர் சதுக்கம்: குடியுரிமை இருந்தால் 4 நட்சத்திரம், வொர்க் பெர்மிட் என்றால் 1

பொதுவில் பேசவும் போராட்டம் நடத்தவும் ஒதுக்கிய இடம் இது; கிளார்க் கீ எம்ஆர்டி (மெட்ரோ ரயில்) நிலையத்துக்குப் பக்கத்தில், ஹாங் லிம் பூங்காவில் இருக்கிறது. 2000 செப்டம்பரில் திறந்தார்கள், 2008 முதல் தேசியப் பூங்காக் கழகம் கவனிக்கிறது. சிங்கப்பூர்க் குடிமகன் என்றால் ஆன்லைனில் பதிந்துவிட்டு வந்து பேசலாம், போலீஸ் அனுமதிக்கு அலைய வேண்டாம். தமிழிலும் பேசலாம். மதத்தைத் தொடக்கூடாது, இனப்பகையைக் கிளப்பக்கூடாது. கேமராவும் உண்டு, அது வேறு விஷயம்.

நம்மைப் போல வேலைக்கு வந்தவர்களுக்குத்தான் சிக்கல். நிரந்தரவாசிகள் போராட்டத்தில் கலந்துகொள்ளலாம், ஆனால் ஏற்பாடு செய்ய முடியாது. வெளிநாட்டவருக்குத் தனி போலீஸ் அனுமதி வேண்டும், சம்பளப் பாக்கியைப் பற்றிப் பேசுவதாக இருந்தாலும் அப்படித்தான். சரி, ஓரமாக நின்று கேட்டுவிட்டுப் போகலாம் என்றால் 2016-ல் விதியை இறுக்கிய பிறகு அதுவும் சந்தேகம்தான்; 2017-ல் பிங்க் டாட் என்ற பால்புதுமையர் (LGBTQ) ஆதரவு நிகழ்வின்போது, பார்ப்பவர், பங்கேற்பவர் என்ற வேறுபாடு இனி இல்லை என்று போலீஸ் சொன்னதாக ஏற்பாட்டாளர்கள் தெரிவித்து, பூங்காவைச் சுற்றித் தடுப்பு போட்டு, அடையாள அட்டையைப் பார்த்துத்தான் உள்ளே விட்டார்கள்.

உள்ளூர் அரசியலில் வெளியார் தலையிடக் கூடாது என்பது அரசின் வாதம். தேர்தல், கட்சி என்றால் புரிகிறது. நாம் தங்கும் விடுதி, நாம் ஏறிப்போகும் லாரி பற்றி நாமே வாய் திறப்பது எப்படித் தலையீடாகும்?

கூட்டம் நடக்கிற நாளில் வொர்க் பெர்மிட் போன்ற வேலை பாஸ் வைத்திருப்பவர்கள் அந்தப் பக்கம் போகாதீர்கள். மற்ற நாட்களில் தாராளமாகப் போய் உட்காரலாம், புல்வெளியை நன்றாகப் பராமரிக்கிறார்கள்.