கிருஷ்ணகிரி மாந்தோப்புக்கு கிரேட் டேனா, மாஸ்டிஃபா?

தோப்புக் காவலுக்கு எந்த நாய் என்று கேட்டால், இரண்டுமே ராட்சத நாய் இனங்கள்தான்: உயரத்துக்கு கிரேட் டேன், எடைக்கு இங்கிலீஷ் மாஸ்டிஃப். ஸீயஸ் என்ற டேன் 111.8 செ.மீ. உயரம், ஸோர்பா என்ற மாஸ்டிஃப் 1989-ல் 155 கிலோவைத் தாண்டியது. இரண்டுமே கின்னஸ் சாதனை. தோப்புக்கு என் ஓட்டு டேனுக்குத்தான். நம்ம ஊர் சித்திரை வெயிலில் மாஸ்டிஃப் பாவம், நாக்கைத் தொங்கப்போட்டு எச்சில் ஒழுக மாமர நிழலை விட்டு நகராது. டேனுக்கு கால் நீளம், வேலியோரம் ஒரு சுற்று போய் வரும். ஆனால் வயிறுதான் அதற்கு எமன்: ஒரே வேளையில் நிறையத் தின்றுவிட்டு ஓடினால் இரைப்பை முறுக்கிக்கொள்ளும் ஆபத்து இருக்கிறது, அப்படி ஆனால் சில மணி நேரத்தில் உயிரே போய்விடும். அதனால் சாப்பாட்டை இரண்டு மூன்று வேளையாகப் பிரித்துக் கொடுங்கள், அப்புறம் வயிறு உப்பி, வாந்தி வராமல் வெறுமனே ஓங்கரித்தால் விடியட்டும் என்று காத்திருக்காமல் உடனே கால்நடை மருத்துவரிடம் கொண்டுபோங்கள். மாஸ்டிஃப்தான் வேண்டும் என்றால், சரி, கொஞ்சம் குளிர்ச்சியான ஓசூர் பக்கம் வளர்க்கலாம்.