குமட்டல் வருமுன்னா, வந்த பின்னா: கீமோ கால வாந்தி மாத்திரைகளை எடுக்கும் இரண்டு வழிகள்

கீமோதெரபி ஏற்றி முடித்து வீட்டுக்கு அனுப்பும்போது கையில் கொடுக்கப்படும் வாந்தி மாத்திரைகளை இரண்டு விதமாக எடுத்துக்கொள்பவர்களைப் பார்க்கிறேன். சீட்டில் எழுதிய நேரப்படி, குமட்டல் இருந்தாலும் இல்லாவிட்டாலும், சொன்ன நாட்கள் முடியும்வரை எடுப்பவர்கள் ஒரு சாரார். குமட்டல் தலைகாட்டினால் மட்டும் மாத்திரையைத் தேடுபவர்கள் மறுசாரார். சிஸ்பிளாட்டின் என்ற கீமோ மருந்து சேர்ந்த ஆறு சுழற்சிகளில் முதலாவதை இரண்டாம் வழியிலும், மற்ற ஐந்தையும் முதல் வழியிலும் கடந்தவன் நான். எனவே என் சாய்வு எந்தப் பக்கம் என்பதை மறைக்கப் போவதில்லை.

தேவைப்பட்டால் மட்டும் எடுப்பதன் நியாயம் எளிதில் புரியக்கூடியது. ஏற்கெனவே இத்தனை மருந்துகள் உடலுக்குள் போகும்போது, ஒன்றிரண்டையாவது குறைக்கலாமே என்று தோன்றுவது இயல்பு. சில சிகிச்சைகளுக்கு அதுவே சரியான வழியும்கூட. தடுப்பு மருந்து கொடுக்காவிட்டால் நூற்றில் எத்தனை பேருக்கு வாந்தி வரும் என்பதைக் கொண்டு கீமோ மருந்துகளை நான்கு படிகளாகப் பிரிக்கிறார்கள்: 90 பேருக்கு மேல், 30 முதல் 90 வரை, 10 முதல் 30 வரை, 10 பேருக்கும் குறைவு. வின்கிறிஸ்டின், பிளியோமைசின் போன்றவை கடைசிப் படியில் இருப்பவை. அவற்றுக்கு வழக்கமான தடுப்பு மாத்திரைகளே தேவையில்லை. சிஸ்பிளாட்டின் முதல் படியில் இருக்கிறது. உங்கள் மருந்து எந்தப் படி என்று மருத்துவரிடம் கேட்டுத் தெரிந்துகொண்டாலே பாதிக் கேள்விக்கு விடை கிடைத்துவிடும்.

மீதிப் பாதிக்கு விடை சொல்வது மூன்றாம் நாள். என்னைப் பொறுத்தவரை இந்த ஒப்பீட்டைத் தீர்மானித்ததே அந்த நாள்தான். கீமோ ஏறிய முதல் 24 மணி நேரத்தில் வரும் குமட்டலுக்கும், இரண்டாம் நாளிலிருந்து ஐந்தாம் நாள்வரை வரும் குமட்டலுக்கும் காரணம் ஒன்றல்ல. முதலாவது, சிறுகுடல் செல்கள் வெளியிடும் செரோடோனின், வேகஸ் நரம்பு வழியாக மூளையின் வாந்தி மையத்தைத் தூண்டுவதால் பெரும்பாலும் வருவது. ஒண்டான்செட்ரான் வகை மருந்துகள் அந்த வழியை அடைக்கின்றன. பிந்தி வருவதில் மூளைக்குள் செயல்படும் ‘சப்ஸ்டன்ஸ் பி’ என்ற பொருளின் பங்கு அதிகம். அதைத் தடுக்க அப்ரெபிடன்ட்டும், துணைக்கு டெக்ஸாமெத்தசோன் என்ற ஸ்டீராய்டும் தருகிறார்கள். சிஸ்பிளாட்டினுக்கு இந்த இரண்டாம் அலை 48 முதல் 72 மணி நேரத்தில் உச்சத்தைத் தொடுகிறது. முதல் நாள் நன்றாக இருந்ததே என்ற நிம்மதி ஆளை ஏமாற்றுவது இதனால்தான்.

நானும் அப்படித்தான் ஏமாந்தேன். திங்கட்கிழமை மருந்து ஏறியது. செவ்வாய் இரவுவரை ஒன்றுமில்லை. மீதி மாத்திரைகளை இழுப்பறையில் வைத்து மூடிவிட்டேன். புதன் விடியற்காலையில், முகம் துடைத்த துண்டிலிருந்த சோப்பு வாசனையே போதுமானதாக இருந்தது. அவசரமாக விழுங்கிய மாத்திரை பத்து நிமிடத்தில் தண்ணீரோடு வெளியே வந்து, ஓரம்கூடக் கரையாமல் வாளியின் அடியில் கிடந்ததை இன்னும் மறக்கவில்லை. வாந்தி தொடங்கிய பிறகு வாய்வழி மாத்திரையை நம்புவதில் உள்ள அடிப்படைச் சிக்கல் அதுதான். அது வயிற்றில் தங்கினாலும்கூட, அப்ரெபிடன்ட் வருமுன் தடுப்பதற்கான மருந்தே தவிர, வந்துவிட்ட வாந்தியை நிறுத்துவதற்கானது அல்ல.

அந்த ஒரு புதன்கிழமைக்கான விலையை வெகுநாள் கொடுத்தேன். இரண்டாம் சுழற்சியில், ஊசி போடுமுன் கையைத் துடைத்த ஸ்பிரிட் பஞ்சின் வாசனைக்கே குமட்டியது. மருந்து அப்போது ஒரு சொட்டுகூட ஏறியிருக்கவில்லை. முன்பட்ட அனுபவத்தை மூளை நினைவில் வைத்து எழுப்பும் இந்த எதிர்பார்ப்புக் குமட்டலுக்கு வழக்கமான வாந்தி மாத்திரைகள் அவ்வளவாகப் பயன்படுவதில்லை. முதல் சுழற்சியிலேயே வாந்தி வராமல் பார்த்துக்கொள்வதுதான் அதற்குச் சிறந்த தடுப்பு. எனக்கு அது நான்காம் சுழற்சிக்குப் பிறகே அடங்கியது.

மணி பார்த்து எடுக்கும் வழிக்கும் தொல்லைகள் உண்டு. ஒண்டான்செட்ரான் மலத்தை இறுக்கிவிடும், சிலருக்குத் தலைவலியும் தரும். மலச்சிக்கல் வந்த பிறகு திண்டாடுவதைவிட, மருத்துவரிடம் கேட்டு மலமிளக்கியை அன்றே தொடங்கிவிடுவது மேல். டெக்ஸாமெத்தசோன் தூக்கத்தைக் கெடுக்கும் என்பதால் அதைக் காலையிலேயே முடித்துக்கொண்டேன். விக்கலும் முகச் சிவப்பும் வந்து போயின. சர்க்கரை நோய் உள்ளவர்களுக்கு இரத்தச் சர்க்கரையை இது கணிசமாக ஏற்றிவிடும் என்பதை முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும்.

மூன்றாம் சுழற்சியிலிருந்து இரவில் 5 மில்லிகிராம் ஓலான்சபினையும் மருத்துவர் சேர்த்தார். மனநல மருந்தாயிற்றே என்று முதலில் தயங்கினேன். வழக்கமான மருந்துகளோடு இதையும் சேர்த்துக் கொடுத்து 2016இல் வெளியான ஆய்வில், ஐந்து நாட்களும் குமட்டலே இல்லாமல் இருந்தவர்கள் 37 விழுக்காடு. சேர்க்காதவர்களில் 22 விழுக்காடு. வாந்தி நின்றாலும் குமட்டல் விடாது என்பவர்களுக்கு இந்த வித்தியாசம் பெரிது. மறுநாள் முற்பகல்வரை தூக்கக் கலக்கம் இருந்தது உண்மை. அந்த நாட்களில் வண்டி ஓட்டவில்லை.

இஞ்சியும், மணிக்கட்டின் உட்புறத்தை அழுத்தும் முறையும் எனக்குப் பெரிய வேறுபாட்டைக் காட்டவில்லை. ஆறின உணவைச் சிறுகச் சிறுக உண்டதில் பலன் தெரிந்தது, சூடான உணவைப் போல அதில் வாசனை எழாது.

மூன்று வாரத்துக்கு ஒருமுறை ஏற்றப்படும் மருந்தை வைத்தே இவ்வளவும் சொல்கிறேன். தினமும் விழுங்கும் கீமோ மாத்திரைகளுக்கு இதை அப்படியே பொருத்த மாட்டேன். பலோனோசெட்ரான் போல உடலில் நீண்ட நேரம் தங்கும் மருந்தைக் கொடுத்தால், சில சிகிச்சைகளில் டெக்ஸாமெத்தசோனை முதல் நாளோடு நிறுத்திக்கொள்வதும் உண்டு என்பதால், உங்கள் சீட்டு என்னுடையதைவிடச் சிறியதாக இருக்கலாம்.

தேவைப்பட்டால் எடுக்கும் மாத்திரைக்கு என் அட்டவணையிலும் இடம் இருந்தது, ஆனால் மேலதிகப் பாதுகாப்பாக மட்டும். அது ஏற்கெனவே எடுக்கும் வகையாக இல்லாமல் வேறு வகையாக இருக்க வேண்டும்; ஒண்டான்செட்ரானுக்கு மேல் ஒண்டான்செட்ரான் விழுங்கினால் மலச்சிக்கல்தான் மிச்சம். பலருக்கும் மெட்டோகுளோபிரமைடு எழுதித் தருவார்கள். ஓலான்சபின் எடுப்பவர்களுக்கு அது ஆகாது, இரண்டும் சேர்ந்தால் தசை இறுக்கமும் இருப்புக் கொள்ளாமையும் வரக்கூடும். தண்ணீர்கூடத் தங்காவிட்டாலோ, காய்ச்சல் 38 டிகிரி செல்சியஸைத் தொட்டாலோ அட்டவணையைப் பார்த்துக்கொண்டிராமல் உடனே அழைக்க வேண்டிய இரவு நேர எண்ணை அதன் அடியில் பெரிதாக எழுதி வைத்திருந்தேன். பின்னைய ஐந்து சுழற்சிகளில் ஒரே ஒருமுறை அந்த எண்ணை அழைத்தேன், அதுவும் காய்ச்சலுக்காக.