யார்க்கா, ஷெஃபீல்டா? சுகாதாரப் பொருளாதாரம் படிக்கப் போகிறவர்களுக்கு

சுகாதாரப் பொருளாதாரத்தில் முதுகலை படிக்க இங்கிலாந்து போக நினைக்கிறவர்கள் பலரும் கடைசியில் யார்க், ஷெஃபீல்டு என்ற இரண்டு பெயர்களில் வந்து நிற்கிறார்கள். ரயிலில் ஒரு மணி நேர தூரம்தான். ஆனால் பாடம் நடத்துகிற விதம் வேறு வேறு. தரவரிசைப் பட்டியலைப் பார்த்து முடிவு செய்தால் இது தெரியாது.

ஒரு மருந்து அதன் விலைக்குத் தகுமா என்று பார்ப்பது இந்தத் துறையின் முக்கிய வேலை. இரண்டு இடமும் அதை எப்படிப் பார்க்கின்றன என்று காட்ட ஒரு சின்னக் கணக்கு. ஒரு நோயாளிக்கு இன்னும் 10 ஆண்டு ஆயுள். முழு நலத்துக்கு 1, இறப்புக்கு 0 என்று வைத்தால் அவர் நிலைக்கு 0.6. புது மருந்து அதை 0.8 ஆக்குகிறது. 10 ஆண்டில் 2 குவாலி, அதாவது தரம் சேர்த்துக் கணக்கிட்ட 2 ஆயுள் ஆண்டுகள் லாபம். கூடுதல் செலவு 40,000 பவுண்டு. ஆக, ஒரு குவாலிக்கு 20,000. எந்த மருந்துக்கு அரசு பணம் தரலாம் என்று இங்கிலாந்தில் பரிந்துரைக்கும் நைஸ் (NICE) அமைப்பு பல்லாண்டு காலம் வைத்திருந்த வரம்பு 20,000 முதல் 30,000 வரை. எனவே பாஸ்.

யார்க் இதை அப்படி விடாது. அந்த 0.6 எங்கிருந்து வந்தது? 1993-இல் யார்க் ஆய்வாளர்கள் ஏறத்தாழ 3,000 பேரிடம் கேட்ட கேள்வி இந்த வகைதான்: "இந்த நோயோடு 10 ஆண்டு இருப்பதற்குப் பதிலாக முழு நலத்தோடு எத்தனை ஆண்டு கிடைத்தால் சம்மதம்?" 6 என்றால் 0.6. சரி, 20,000 என்ற வரம்பு எங்கிருந்து வந்தது? 2015-இல் யார்க் குழு கணக்குப் போட்டு ஒரு குவாலிக்கு 12,936 பவுண்டுதான் வருகிறது என்றது. அப்படியானால் நம் மருந்து ஃபெயில்! இந்த மாதிரி வாதங்களில் ருசி இருக்கிறவர்களுக்கு யார்க். 1978-இலிருந்து நடக்கும் படிப்பு, பொருளாதாரத் துறைக்குள் இருக்கிறது. நுண்பொருளியலும் எகனாமெட்ரிக்ஸும் (புள்ளியியலை வைத்துப் பொருளாதாரத் தரவை அலசுவது) விடாமல் வரும். கோடையில் வெளி நிறுவனம் ஒன்றில் உட்கார்ந்து ஆய்வேடு எழுதலாம் என்பது பெரிய வசதி.

ஷெஃபீல்டு கேட்பது வேறு: அந்த 10 ஆண்டு எங்கிருந்து வந்தது? மருந்துச் சோதனை 2 ஆண்டுதானே நடந்தது? மிச்ச 8 ஆண்டை நீங்கள்தான் மாடலாகக் கட்ட வேண்டும். 1,000 பேரை நலம், நோய், இறப்பு என மூன்று பெட்டிகளில் போட்டு, ஆண்டுக்கு ஆண்டு யார் எங்கே நகர்கிறார் என்று எக்செல்லில் ஓட்டுகிறீர்கள். அப்புறம் எண்களைக் கொஞ்சம் கொஞ்சம் அசைத்து ஆயிரக்கணக்கான முறை மறுபடி ஓட்டுகிறீர்கள். படிப்பின் பெயரிலேயே 'டிசிஷன் மாடலிங்' (முடிவெடுக்க உதவும் மாடல் கட்டுவது) உண்டு.

ஃபார்ம்-டி (மருந்தியல் பட்டம்) முடித்துவிட்டு இந்தத் துறைக்கு வருகிறவர்கள் யார்க் என்ற பெயருக்காகவே விண்ணப்பிப்பது எனக்குச் சரியாகப் படவில்லை. குர்காவ்ன், பெங்களூரு ஆலோசனை நிறுவனங்களில் நேர்காணலுக்குப் போனால் மாடல் கட்டத் தெரியுமா என்றுதான் கேட்பார்கள். ஆக, ஃபார்ம்-டி படித்தவர்களுக்கு என் ஓட்டு ஷெஃபீல்டு. பி.ஏ. பொருளாதாரத்தில் கணக்கு பயமில்லாமல் தேறியவர்களுக்கு மட்டும் தயங்காமல் யார்க் என்பேன்.

ஊர் திரும்பி அரசுப் பக்கம் வேலை பார்க்க ஆசை என்றால் கணக்கு கொஞ்சம் மாறும். மருத்துவத் தொழில்நுட்பங்களை மதிப்பிட மத்திய அரசு 2017-இல் தொடங்கிய அமைப்புக்கு சென்னை காசநோய் ஆராய்ச்சி நிறுவனத்திலும் ஒரு மையம் உண்டு. இந்தியர்களிடமே கேட்டு எடுத்த, 0.6 போன்ற தர மதிப்பெண்கள் 2022-இல்தான் வெளிவந்தன. அதுவரை பிற நாட்டு எண்களைக் கடன் வாங்கி ஓட்டினோம். 0.6 எங்கிருந்து வந்தது என்று கேட்கத் தெரிந்த ஆள் இங்கே இன்னும் நிறைய தேவை.

வேலையை விட முடியாதவர்களுக்கு யார்க்கின் தொலைநிலைப் படிப்பு இருக்கிறது. நேரில் போகிறவர்கள் ஊரையும் பார்த்துக்கொள்ளுங்கள்: யார்க் தட்டையான ஊர், சைக்கிள் போதும், ஷெஃபீல்டு முழுக்க மேடு, காய்கறிப் பையோடு ஏறும்போது தெரியும்.