தென்னை நிழலில் புல்தரை: தக்கலைப் பக்கத்து அனுபவம்

கன்னியாகுமரி மாவட்டத்தில் வீட்டு முன்னால் புல்தரை போட நினைக்கிறவர்கள் முதலில் கேட்பது, "இந்த வெயிலுக்கு நிக்குமா?" என்பதுதான். வெயிலைப் பற்றிக் கவலையே வேண்டாம். இங்கே போடும் புல் வகைகள் 27 முதல் 35 டிகிரி வரையில்தான் செழித்து வளரும். நம் ஊர்ப் பகல் பெரும்பாலும் அதற்குள்தான் இருக்கிறது. புல்லைக் கெடுப்பவை தென்னை நிழலும் மழைக்காலத்தில் தேங்கும் தண்ணீரும். தக்கலைப் பக்கம் எங்கள் வீட்டில் சில வருடங்களாகப் புல் வளர்த்ததில் எனக்கு உறுதியாகத் தெரிந்தது இது.

வெயில் விழும் முன்பக்கம் கொரியன் புல், தென்னை நிற்கும் பக்கவாட்டில் நர்சரிக்காரர்கள் பஃபலோ என்று சொல்லும் அகல இலைப் புல். கொரியன் மெத்தென்று அழகாக இருக்கும், ஆனால் நிழலில் நூலாகி மெலிந்து, கடைசியில் மண்தான் தெரியும். பஃபலோ அப்படியில்லை. அரை நிழல், ஈரம், நம் செம்மண்ணின் புளிப்பு எல்லாவற்றையும் தாங்கும். மேற்கே மார்த்தாண்டம், குலசேகரம் பக்கம் உள்ளவர்களுக்கு யோசிக்காமல் இதைத்தான் சொல்வேன். ஆரல்வாய்மொழிக் கணவாய்க் காற்று அடிக்கும் கிழக்குப் பக்கத்தில் அதே புல் சீக்கிரம் காய்ந்துபோகும். அங்கே வெட்டவெளியென்றால் அருகம்புல் இனமே நல்லது.

தென்மேற்கு, வடகிழக்கு என்று இரண்டு மழையும் நமக்கு உண்டு. அதனால் புல் நடும் முன்பே வாட்டம் பார்த்துவிட வேண்டும். பத்து அடிக்கு இரண்டு அங்குலம் சரிவு போதும். வீடு கட்டிய ஜல்லியும் சிமென்ட் கட்டியும் அடியில் கிடந்தால் அந்த இடத்தில் மட்டும் எப்போதும் மஞ்சளடிக்கும். தோண்டி எடுத்துத்தான் ஆக வேண்டும்.

தண்ணீர் விஷயத்தில் தினமும் கொஞ்சம் தெளிக்கும் பழக்கம் கூடாது. வேர் மேலோடு நின்றுவிடும். பிப்ரவரியிலிருந்து ஏப்ரல் வரை வாரத்துக்கு 25 மில்லிமீட்டர் அளவு, இரண்டு தடவையாக, காலையில். ஒரு சென்ட்டுக்குக் கணக்குப் போட்டால் வாரம் ஏறக்குறைய 1000 லிட்டர், அதாவது மொட்டைமாடித் தொட்டி ஒன்று. கிணற்றில் கோடையிலும் தண்ணீர் நிற்கிற வீடானால் சரி, இல்லையென்றால் புல்தரையைச் சின்னதாகவே வைத்துக்கொள்ளுங்கள். எப்போது விட வேண்டும் என்பதைப் புல்லே காட்டும். தாகம் எடுத்தால் இலை நீளவாக்கில் மடங்கி, பச்சை கொஞ்சம் சாம்பலடிக்கும். நடந்துபோய்த் திரும்பிப் பார்த்தால் கால்தடம் எழும்பாமல் அப்படியே கிடக்கும். அன்றைக்கு விட்டால் போதும். சாயங்காலம் விட்டால் இரவு முழுக்க ஈரம் நின்று பூஞ்சணம் வட்ட வட்டமாகப் பிடிக்கும்.

தோட்டவேலைக்கு வரும் அண்ணன், "ஒட்ட வெட்டிருவோம், அடிக்கடி வெட்டாண்டாம்லா" என்பார். நான் விடுவதில்லை. ஒரே வெட்டில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் எடுத்தால் புல் களைத்துப்போகும். பஃபலோவுக்கு ஐந்து சென்டிமீட்டர், கொரியனுக்கு மூன்று. கத்தி கூராக இருக்க வேண்டும். மழுங்கியிருந்தால் நுனி கிழிந்து, தரை முழுக்கப் பழுப்பாகத் தெரியும். வெட்டிய துணுக்குகளை அங்கேயே விட்டுவிடுகிறேன், அதுவே பாதி உரம். யூரியா போடுவதானால் சென்ட்டுக்கு 200 கிராம், புல்லின் இலையில் ஈரமில்லாதபோது தூவி உடனே நன்றாகத் தண்ணீர் விட வேண்டும். பெருமழைக்கு முன்னால் போட்டால் காசு ஓடையில் போகும்.

எனக்கு இன்றுவரை தீராத தலைவலி கோரைக் களைதான். ஒரு நர்சரியில் பாய்போல வெட்டி விற்கும் கொரியன் புல்லை வாங்கினேன், அதன் மண்ணோடு கோரைக் கிழங்கும் வந்துவிட்டது. மேலே பிடுங்கினால் முக்கோணத் தண்டு மட்டும் கையோடு வரும்; கறுப்புக் கிழங்கு அடியில் இருந்து ஒரே வாரத்தில் மறுபடி தலைநீட்டும். மழை விட்ட மறுநாள், மண் இளகியிருக்கும்போது, நீளமான கம்பியை விட்டு நெம்பிக் கிழங்கோடு எடுப்பதுதான் வழி. கிழங்குகள் மெல்லிய வேரில் சங்கிலியாகக் கோத்திருக்கும், ஒன்று கிடைத்தால் அடுத்ததைத் தேடிப் போக வேண்டும். பாய் வாங்குகிறவர்கள் ஒன்றைப் புரட்டி, அடிமண்ணை உதிர்த்துப் பார்க்காமல் வண்டியில் ஏற்றாதீர்கள்.