டிரைவரா அயர்னா, கொடியா கிரீனின் நடுவா?

கோல்ஃப் ஆடுபவர்களில் இரண்டு கட்சி உண்டு. "அடிச்சுப் பார்த்துடலாம்" என்று எந்த டீயிலும் (ஆட்டம் தொடங்கும் இடம்) டிரைவரை, அதாவது அதிகத் தூரம் அடிக்கும் கிளப்பை, உருவுபவர்கள் ஒரு கட்சி. "எதுக்கு வம்பு" என்று சுருக்கி அடித்து நகர்பவர்கள் இன்னொரு கட்சி. ஆட்டம் முடிந்து உட்காரும்போது இவர்களுக்குள் நடக்கும் வாக்குவாதம் ஓயவே ஓயாது. நான் இரண்டிலும் இருந்து பார்த்துவிட்டேன். ஒரே ஹோலில் (டீயிலிருந்து குழி வரையிலான ஒரு கட்டம்) டீயில் முதல் கட்சி சொல்வது சரியாக இருக்கும், இருநூறு கெஜம் நடந்தால் இரண்டாம் கட்சி சொல்வது சரியாகிவிடும். நம்மில் பலர் இதைத் தலைகீழாகச் செய்கிறோம். டீயில் பயந்து, தூரம் குறைவாகப் போகும் அயர்னை எடுக்கிறோம், குழி இருக்கும் ஒட்ட வெட்டிய புல்தரையான கிரீனைக் கண்டதும் எங்கிருந்தோ வீரம் வந்து குழியில் நிற்கும் கொடியைக் குறிவைக்கிறோம்.

முதலில் டீ. 400 கெஜம் பார் 4 (நாலு அடியில் முடிக்க வேண்டிய ஹோல்) ஒன்றை எடுத்துக்கொள்வோம். டிரைவர் 240 கெஜம் போகும், அதைவிடச் சின்ன கிளப்பான ஹைப்ரிட் 200. நிதானக் கட்சியின் வாதம் எல்லோரும் கேட்டதுதான்: ஹைப்ரிட் ஃபேர்வேயில் (நடுவே ஒட்ட வெட்டிய புல் பாதை) கிடக்கும், டிரைவர் ரஃபுக்கு (ஓரத்து நீண்ட புல்) போகும். சரி, போகட்டும். போனால் எவ்வளவு நஷ்டம்?

கொலம்பியா பல்கலைக்கழகப் பேராசிரியர் மார்க் பிராடி, அமெரிக்கத் தொழில்முறைத் தொடரான பிஜிஏ டூரில் அடிக்கப்பட்ட லட்சக்கணக்கான ஷாட்களை அலசி, எந்தத் தூரத்திலிருந்து சராசரியாக எத்தனை ஸ்ட்ரோக்கில் (அடியில்) பந்து குழிக்குள் போகிறது என்று கணக்கெடுத்தார். இன்று 'ஸ்ட்ரோக்ஸ் கெயின்ட்' என்று புழங்குவது அந்தக் கணக்குதான். அதன்படி ஃபேர்வேயில் 200 கெஜத்திலிருந்து சுமார் 3.2 ஸ்ட்ரோக் ஆகிறது. 160 கெஜத்தில் ரஃபில் கிடந்தாலும் கிட்டத்தட்ட அதே 3.2தான். அதே 160 கெஜம் ஃபேர்வேயாக இருந்துவிட்டால் மூன்றுக்குச் சற்றுக் கீழே. ஆக, டிரைவர் ரஃபுக்குப் போனாலும் ஹைப்ரிட்காரருக்குச் சமமாகத்தான் நிற்கிறீர்கள். ஃபேர்வேயில் விழுந்தால் லாபம். ஹைப்ரிட்டும் நூற்றுக்கு நூறு ஃபேர்வேயில் விழுவதில்லை என்பதை நிதானக் கட்சிக்காரர்கள் ஏனோ சொல்வதே இல்லை. என் ஹைப்ரிட் நிச்சயமாக விழுவதில்லை.

ஆனால் இந்தக் கணக்கு ரஃபுக்குத்தான் பொருந்தும். பக்கத்தில் தண்ணீரோ எல்லைக் கம்பமோ இருந்தால் எல்லாம் மாறிவிடும். தண்ணீர் என்றால் ஒரு ஸ்ட்ரோக் அபராதம். ஓபி (எல்லைக்கு வெளியே) என்றால் அபராதமும் உண்டு, பழைய இடத்திலிருந்தே மறுபடி அடிக்கவும் வேண்டும். பந்தை வைத்து மூன்றாவது ஷாட் என்று எண்ணும்போது வயிற்றைப் பிசைவது ஆடியவர்களுக்குத் தெரியும். டிரைவர் போகக்கூடிய அகலத்துக்குள் இப்படி ஏதாவது இருந்தால் அயர்னை எடுப்பதில் வெட்கப்பட ஒன்றுமில்லை.

இரண்டு பெரிய வெற்றிகளை அருகருகே வைத்தால் இது இன்னும் தெளிவாகும். 2006இல் ஹோய்லேக்கில் நடந்த பிரிட்டிஷ் ஓப்பனில் டைகர் உட்ஸ் 72 ஹோலிலும் சேர்த்து ஒரே ஒரு தடவைதான் டிரைவரைத் தொட்டார், ஜெயித்தார். 2020இல் விங்டு ஃபுட்டில் நடந்த யுஎஸ் ஓப்பனில் பிரைசன் டிஷாம்போ 56 ஃபேர்வேயில் 23ஐ மட்டுமே பிடித்தார், ஆறு ஸ்ட்ரோக் வித்தியாசத்தில் ஜெயித்தார். இரண்டு பேரும் செய்தது ஒரே கணக்கு. ஹோய்லேக்கில் தரை காய்ந்து இறுகிக் கிடந்தது. அயர்னில் அடித்தாலே பந்து உருண்டுகொண்டே போனது. டிரைவர் விழும் தூரத்திலோ ஆழமான பங்கர்கள் (மணல் குழிகள்); உள்ளே விழுந்தால் பக்கவாட்டில் வெளியே தட்டுவதைத் தவிர வழியில்லை. விங்டு ஃபுட்டில் ஃபேர்வேக்கள் குறுகல், யார் அடித்தாலும் ரஃபுக்குப் போவது சகஜம். எப்படியும் ரஃப்தான் என்றால் கிரீனுக்குப் பக்கத்து ரஃபில் நின்று சின்ன கிளப்பால் அடிப்பது மேல் அல்லவா?

பார் 5இல் வாதம் வேறு மாதிரி. இரண்டாவது ஷாட்டில் கிரீனுக்கே போவதா, முன்னால் நிறுத்தி வெட்ஜால் (குறுகிய தூரத்துக்கான கிளப்) முடிப்பதா? நிறுத்தச் சொல்பவர்கள் 2007 மாஸ்டர்ஸ் போட்டியைக் காட்டுவார்கள். ஸாக் ஜான்சன் நாலு நாளும் 16 பார் 5களிலும் கிரீனுக்குப் போகாமல் முன்னால் நிறுத்தினார். 11 பேர்டி (பாருக்கு ஒரு அடி குறைவு) எடுத்து, ஜெயித்தவருக்குத் தரும் பச்சை நிறக் கோட்டையும் வாங்கினார். போகச் சொல்பவர்கள் 2010 மாஸ்டர்ஸைக் காட்டுவார்கள். 13ஆவது ஹோலில் பைன் மரங்களின் இடுக்கு வழியாக, ஓடைக்கு மேலே, 6 அயர்னில் ஃபில் மிக்கல்சன் அடித்த ஷாட் கொடிக்குச் சில அடி தூரத்தில் நின்றது. பாருக்கு இரண்டு குறைவாக, ஈகிளாக, முடித்திருக்கக்கூடிய அந்தச் சின்ன பட்டை (கிரீனில் குழிக்குள் உருட்டும் அடி) அவர் தவறவிட்டார் என்பதைச் சொல்ல மாட்டார்கள்.

இதில் நான் மிக்கல்சன் பக்கம் இல்லை, ஜான்சன் பக்கமும் முழுதாக இல்லை. ஜான்சன் நீண்ட தூரம் அடிப்பவர் அல்ல, வெட்ஜில் கில்லாடி. அந்த வருடம் குளிரும் காற்றும் வேறு. ஜெயித்த ஸ்கோரே பாருக்கு ஒன்று மேலே. அவருக்கு அது சரி. நம்மிடம் இருப்பதோ, "100 கெஜத்தில் நிறுத்துகிறேன், அது எனக்குப் பிடித்த தூரம்" என்ற நம்பிக்கை. பிராடியின் கணக்கில் ஃபேர்வேயில் 100 கெஜத்திலிருந்து 2.8, 40 கெஜத்திலிருந்து 2.6. அரை ஸ்விங் பிடிக்காது என்று சொல்லும் தொழில்முறை ஆட்டக்காரர்களுக்கே கிட்டப் போனால் நல்லது என்றால், நமக்கு மட்டும் எப்படித் தூரம் நல்லதாகும்? வழியில் தண்ணீரோ பங்கரோ இல்லையென்றால் முடிந்தவரை கிட்டே தள்ளுங்கள். இருந்தால் அதற்குச் சற்று முன்னால் நிறுத்துங்கள். அவ்வளவுதான்.

கிரீனை நோக்கி அடிக்கும் ஷாட்டில்தான் நம் ஸ்கோர்கார்டு உண்மையாகவே கிழிகிறது. ஒருநாள் பயிற்சித் திடலில் 7 அயர்னை எடுத்து, ஒரே குறியை நோக்கி 20 பந்து அடித்தேன். வழக்கமாக நல்ல ஷாட் மட்டும்தான் மனதில் நிற்கும். அன்று ஒவ்வொன்றும் எங்கே விழுகிறது என்று நோட்டில் புள்ளி வைத்தேன். இடது கோடிக்கும் வலது கோடிக்கும் நடுவே 40 கெஜம். குறிக்குப் பத்து கெஜத்துக்கு மேல் வலப்பக்கம் போனவை நாலு. அதாவது, வலது ஓரத்திலிருந்து பத்து கெஜம் உள்ளே கொடி, அந்தப் பக்கம் தண்ணீர் என்றால், ஐந்துக்கு ஒரு பந்து குளத்துக்குள். கிரீனின் நடுவைக் குறிவைத்திருந்தால் அந்த நாலில் மூன்று கிரீனிலேயே இருந்திருக்கும். பட் கொஞ்சம் நீளமாக இருக்கும், இருந்துவிட்டுப் போகட்டும்.

"இதெல்லாம் நம்மைப் போன்றவர்களுக்கு, பெரிய ஆட்டக்காரர்கள் கொடியைத்தானே அடிக்கிறார்கள்" என்பவர்கள் 2019 மாஸ்டர்ஸ் கடைசி நாளின் 12ஆவது ஹோலை நினைத்துப் பார்க்கலாம். 155 கெஜம் பார் 3, கொடி வலப்பக்கம், முன்னால் ஓடை. முன்னிலையில் இருந்த மோலினாரி தண்ணீரில் போட்டார். கெப்கா, ஃபினாவ், போல்டர், எல்லோரும் அதே ஓடையில்தான். உட்ஸ் கொடியைத் திரும்பிப் பார்க்கவில்லை. இடப்பக்கம், பங்கருக்கு மேலாகக் கிரீனின் பாதுகாப்பான பாகத்தில் போட்டு இரண்டு பட்டில் பார் எடுத்தார். சுற்று முடிந்தபோது கோட்டும் அவருக்கே.

மாட்டிக்கொண்ட இடத்திலிருந்து மீள்வதிலும் இதே கதைதான். 1999இல் கார்னூஸ்டியில் நடந்த பிரிட்டிஷ் ஓப்பனின் கடைசி ஹோலுக்கு ழான் வான் டி வெல்ட் மூன்று ஸ்ட்ரோக் முன்னிலையோடு வந்தார். பார் 4 ஹோல், ஆறில் முடித்தால்கூடக் கோப்பை அவருக்கு. டிரைவரை எடுத்ததற்காகத்தான் இன்றுவரை அவரைத் திட்டுகிறார்கள். எனக்கு அது அவ்வளவு பெரிய குற்றமாகப் படவில்லை. டிரைவர் வெகுவாக வலப்பக்கம் போனது, ஆனால் தண்ணீருக்குத் தப்பி அடிக்கக்கூடிய இடத்தில்தான் கிடந்தது. அங்கிருந்து ஒரு வெட்ஜால் முன்னே தட்டியிருந்தால் முடிந்திருக்கும். அவர் நீண்ட தூரம் போகும் 2 அயர்னை எடுத்துக் கிரீனுக்கு அடித்தார். பந்து பார்வையாளர் மேடையில் மோதித் திரும்பி அடர்ந்த ரஃபில் விழுந்தது, அடுத்தது ஓடைக்குள். கால்சட்டையை மடித்துவிட்டுத் தண்ணீரில் இறங்கி நின்ற அந்தப் படம் எல்லோருக்கும் தெரியும். ஏழில் முடித்தார், சமநிலையை முறிக்கும் பிளேஆஃபில் பால் லாரி ஜெயித்தார்.

கிரீனின் ஓரத்தில் பந்தை உயரத் தூக்கும் லாப் வெட்ஜா, தரையில் உருட்டும் பட்டரா என்று ஒரு சில்லறைச் சண்டையும் உண்டு. என்னோடு ஆடும் பெரியவர் ஒருவர், நடுவே பங்கர் இல்லையென்றால் எட்டு கெஜம் வெளியே இருந்தாலும் பட்டரைத்தான் எடுப்பார். போன மாதம் அவர் அப்படித் தட்டிக் குழிக்கு நாலடியில் நிறுத்தினார். நான் 60 டிகிரி வெட்ஜை எடுத்து, கிளப்பின் முகத்தைத் திறந்து, மூன்று தடவை ஒத்திகை பார்த்து அடித்தேன். புல்லும் மண்ணும் பறந்தன, பந்து இரண்டடி நகர்ந்தது. அவர் சிரிக்கக்கூட இல்லை. "ஏன் தம்பி," என்றார், "பந்து மேலே போய் என்ன பார்த்துட்டு வரணும்?"